நிமிடத்துக்கு நூற்றுப்பன்னிரண்டு தட்டு

1996 நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி இருபது நிமிடம். மழைக்காலம் முடிந்துவிட்டதென்று குடைகளைக் கட்டிப் பரணில் போட்ட பிறகு வந்த மழை. தூறல்தான், ஆனால் விடாத தூறல். ரங்கூனின் தின்கன்ஜூனில் எங்கள் சந்து முனையில் ஒரு டாக்சி வந்து நின்றது. என் மகளைக் கட்டிக்கொள்ளப்போகிற பையன் அதிலிருந்து இரண்டு மரப்பெட்டிகளையும் ஒரு சூட்கேஸையும் இறக்கினார். தன் சட்டையைக் கழற்றிச் சூட்கேஸின் மேல் போட்டிருந்தார். பனியனோடு நனைந்துகொண்டு மூன்று நடை நடந்தார்.

மரப்பெட்டிகளில் நாற்பத்தொரு ரிக்கார்டுகள் இருந்தன. சூட்கேஸைத் திறந்தால் அதுதான் ரிக்கார்டு சுழற்றும் மெஷின், மூடியிலேயே ஒலிபெருக்கி. மூன்று ரிக்கார்டுகள் விரிசல் விட்டவை. எஞ்சியவை முப்பத்தெட்டு, பக்கத்துக்கு ஒரு பாட்டு, ஆக எழுபத்தாறு பாட்டுகள். அவர் தலையைத் துவட்டி முடிப்பதற்குள் இதை நான் எண்ணிவிட்டேன். ரங்கூன் துறைமுகத்தில் முப்பத்துநான்கு வருடம் சரக்கு எண்ணும் குமாஸ்தாவாக இருந்தவன் நான். எண்ணாமல் ஒரு பொருளைப் பார்க்க எனக்குத் தெரியாது.

மாப்பிள்ளை வீட்டார் ஆங்கிலோ-பர்மியர்கள். நாங்கள் போகும் கிறிஸ்தவக் கோயிலுக்கே வருகிறவர்கள். பாடற்குழுவில் என் மகளும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று மூன்று வருடம் பாடியதில் வந்த சம்பந்தம் இது. அவருக்கு ஷ்வேப்யிதாவில் ஒரு தையல் ஆலையில் ஸ்டோர் வேலை. அவருடைய அப்பா ஹோட்டல் பேண்டில் டிரம்பெட் வாசித்தவர். இறந்து ஏழு வருடமாகியிருந்தது. ரிக்கார்டுகளும் மெஷினும் அந்த மனிதருடையவை.

அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். கல்யாண விருந்தில் முதல் ஆட்டத்தை மணமக்கள்தான் ஆட வேண்டும். அதுவரை வேறு யாரும் ஆடும் தளத்தில் கால் வைக்க மாட்டார்கள். அந்த முதல் பாட்டைத் தேர்ந்தெடுப்பது பெண்ணின் அப்பாவுடைய கடமை. பெண்ணால் ஆட முடியாது என்றால், மாப்பிள்ளை வீட்டு மூத்த பெண்மணி ஒருத்தர் மாப்பிள்ளையோடு ஆடித் தளத்தைத் திறந்துவைப்பார்.

என் மகளுக்கு ஆறு வயதில் இடுப்பு மூட்டில் சீழ் வைத்து, நான்கு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வலது கால் ஒன்றேகால் அங்குலம் குட்டை. உள்ளே தக்கை வைத்து உயர்த்திய செருப்பு போட்டுக்கொண்டு, வீட்டிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு நானூற்று எண்பது எட்டு வைத்துத் தினமும் ஆபீஸ் போய் வந்தாள். நேராக நடப்பதில் யாருக்கும் சளைத்தவளில்லை. இடது பக்கம் திரும்பும்போதுதான் உடம்பின் பாரம் முழுக்கக் குட்டைக் காலில் இறங்கும். அதற்கு ஒரு கணம் கூடுதலாக வேண்டும். அந்த ஒரு கணம் கிடைக்காவிட்டால் விழுந்துவிடுவாள்.

நிச்சயத்துக்கு வந்தபோது மாப்பிள்ளையின் அத்தை, இறந்தவருடைய தங்கை, தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார்: “பாவம், பொண்ணு சிரமப்பட வேண்டாம். நல்ல நாற்காலியா பார்த்து உட்கார வெச்சிடலாம். தளத்தை நான் திறந்து வைக்கிறேன்.”

நல்ல மனதோடுதான் சொன்னார் என்று இன்றும் நினைக்கிறேன். என் மகள் பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். “நாற்காலியில நீங்க உட்காருங்க ஆன்ட்டி. முட்டி வலின்னு இப்பத்தானே சொன்னீங்க.”

மாப்பிள்ளை சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர்கள் போனதும் அவள் என்னிடம் வந்தாள்.

“ஒரே ஒரு பாட்டுப்பா. என் கல்யாணத்துல என் புருஷனை இன்னொருத்தி கூட்டிட்டுப் போய் ஆடுவா, நான் உட்கார்ந்து கை தட்டணுமா? என்னால ஆட முடியற பாட்டா ஒண்ணு பொறுக்கிக் குடுங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்.”

எனக்கு இசை தெரியாது. காது மந்தம் இல்லை; ஆனால் எந்தப் பாட்டும் எனக்கு ஒன்றுபோலத்தான் கேட்கும். அப்படிப்பட்டவனிடம் போய் இந்த வேலை வந்து சேர்ந்தது. அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சம்பந்தியம்மாவின் நிபந்தனைகள் வேறு. “டேப் வேண்டாம். அவரோட ரிக்கார்டு, அவரோட மெஷின். அழுகைப் பாட்டு, மெதுவான பாட்டு எதையும் முதல்ல போட்டுடாதீங்க. ஸ்விங்தான் போடணும். அவர் எந்தக் கல்யாணத்துலயும் மெதுவா ஆரம்பிச்சதில்ல.”

ஸ்விங் என்றால் என்ன என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். எங்கள் மேஜையை விரலால் தட்டிக் காட்டினார். அவர் பேசுவது பர்மிய மொழியில் ஊறிய தமிழ். “நாலு தட்டு, அங்கிள். ஆனா சிப்பாய் நடக்கற மாதிரி நேரா தட்டக் கூடாது. ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டை. கேளுங்க, தாளமே கொஞ்சம் நொண்டும்.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். என் மனைவி அடுக்களைக்குள் போய்விட்டாள்.

“அப்ப எனக்குன்னே போட்டதுதான்,” என்றாள் மகள்.

நான் எண்ணத் தொடங்கினேன். மெஷினைச் சுழலவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்று ஒவ்வொரு பாட்டுக்கும் எண்ணினேன். துறைமுகத்தில் மூட்டை எண்ணுவது போலவே, நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தேன். ஒரு பாட்டுக்கு மூன்று முறை வீதம் மொத்தம் இருநூற்று இருபத்தெட்டு எண்ணிக்கை. ஒன்பது மாலைகள் அதிலேயே போயின. எங்கள் சந்தில் கரண்ட் வருவது மாலை ஆறு மணிக்கு மேல்தான். அதுவும் வரும், அவ்வளவுதான். குழல் விளக்கு எரியாது. அறுபது வாட் பல்பின் கம்பியைக் கண் கூசாமல் உற்றுப் பார்க்கலாம். பல வருடமாக அப்படித்தான் இருந்தது. கரண்ட் என்றாலே அவ்வளவுதான் என்று எல்லாருக்கும் பழகிப்போயிருந்தது.

நூற்றுமுப்பதுக்கு மேல் இருபத்தொன்பது பாட்டுகள். நூற்றுப்பதினேழிலிருந்து நூற்றுமுப்பது வரை இருபத்திரண்டு. நூற்றுநான்கிலிருந்து நூற்றுப்பதினாறு வரை பதினான்கு. அதற்கும் மெதுவானவை பதினொன்று. அவை சம்பந்தியம்மா வேண்டாமென்ற ரகம்.

பிறகு மகளை ஆடவைத்துப் பார்த்தோம். மேஜையையும் அலமாரியையும் முற்றத்துக்குத் தள்ளினால் பதினான்கடிக்குப் பதினோரடி இடம் கிடைத்தது. மாப்பிள்ளை ஆலை பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்துவிடுவார். நூற்றுப்பதினெட்டு தட்டுவரை சிரமப்பட்டுச் சமாளித்தாள். நூற்றிருபத்தொன்றில் இடது திருப்பத்தில் கால் பின்னி அலமாரி இருந்த இடத்தில் போய் விழுந்தாள். நல்லவேளையாக அலமாரி முற்றத்தில் இருந்தது. ஆக, நூற்றுப்பதினாறுக்கு மேல் கிடையாது என்று முடிவு செய்தேன்.

பதினான்கில் ஆறு கீறல் விழுந்தவை, ஊசி தாண்டும். மூன்றைச் சம்பந்தியம்மா கழித்துவிட்டார், காரணம் சொல்லவில்லை. மீதி ஐந்தில் ஒன்றை மகள் எடுத்துக்கொண்டாள். அதன் மேல் ஒட்டியிருந்த தாள் உரிந்துபோய், பெயர் தெரியவில்லை. இறந்தவர் வெள்ளை மையில் பதினேழு என்று எண் மட்டும் எழுதியிருந்தார். எனக்கு அது போதும். பதினேழாம் எண், நிமிடத்துக்கு நூற்றுப்பன்னிரண்டு தட்டு. பாட்டின் நடுவில் எல்லா வாத்தியமும் நின்று டிரம்பெட் தனியாக எட்டுத் தட்டு வாசிக்கும். அந்த இடத்தில்தான் அவள் இடது பக்கம் திரும்ப வேண்டும். தட்டு இருநூற்றொன்பது.

பத்தொன்பது மாலைகள் பழகினார்கள். நான் கட்டிலில் உட்கார்ந்து எண்ணினேன். என் மனைவிக்கு எரிச்சல்.

“வாய்க்குள்ள எண்ணுங்களேன். புள்ளைங்க ஆடுதா, மூட்டை தூக்குதா?”

ஒரு நாள் மாப்பிள்ளை ஆட்டத்தை நிறுத்திவிட்டு மெஷின் பக்கம் குனிந்தார். “அங்கிள், டிரம்பெட் கொஞ்சம் கீழ இறங்கிக் கேக்குது. அப்பா போடறப்ப இப்படி இருக்காது.”

“பழைய மெஷின். உள்ளே ரப்பர் சக்கரம் தேய்ஞ்சிருக்கும்,” என்றேன். கடிகாரத்தையும் காட்டினேன். “நூற்றுப்பன்னிரண்டு. நேத்தும் அதுதான்.”

அது முழு உண்மையில்லை. சில நாள் நூற்றுப்பத்து வந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், சந்து முழுக்க விளக்குப் போட்டிருந்தபோது, நூற்றாறுதான். ஒரு நாள் பக்கத்து வீட்டார் ஆற்றுக்கு அக்கரையில் டாலாவுக்குப் போயிருக்க, நூற்றுப்பதினைந்து வந்தது. நான் எல்லாவற்றையும் கூட்டி வகுத்துச் சராசரி எடுத்து நோட்டில் எழுதிக்கொண்டேன். துறைமுகத்தில் ஒரே லாரி மூட்டையை இரண்டு தடவை எண்ணி இரண்டு கணக்கு வந்தால், லாரியை நிறுத்திக் காரணம் கேட்காமல் விட்டதே இல்லை. இங்கே மட்டும் ஏன் விட்டேன் என்பது, படுத்தால் இன்றும் எழுந்து உட்காரவைக்கும் கேள்வி.

1997 ஜனவரி 18, சனிக்கிழமை. காலை ஒன்பது மணிக்குக் கோயிலில் திருமணம் நல்லபடியாக முடிந்தது. மூன்று மணிக்கு நகருக்குள் ஒரு வாடகை மண்டபத்தில் விருந்து. இரண்டு மணிக்கு மேல்தான் மண்டபத்தைத் திறந்துவிடுவார்கள். இரண்டு பத்துக்கு நானும் மனைவியும் மெஷினோடும் ஒன்பது ரிக்கார்டுகளோடும் போய் இறங்கினோம். உடைந்துவிடுமே என்ற பயத்தில் மற்றவற்றை வீட்டிலேயே விட்டுவிட்டோம். அந்தப் பகுதியில் காலையிலிருந்தே கரண்ட் இல்லை; மண்டபத்தின் பின்கட்டில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பதினாறு குழல் விளக்குகளும் பளீரென்று எரிந்தன. விசிறிகள் மேஜைத்துணிகளைத் தூக்கியடித்தன.

பதினேழாம் எண்ணைப் போட்டு ஊசியை வைத்தேன்.

வேறு யாரோ வாசிப்பது போலிருந்தது. டிரம்பெட் கிறீச்சென்று மேலே ஏறிக் கத்தியது. ரிக்கார்டு மாறிவிட்டதோ என்று நிறுத்தி எடுத்துப் பார்த்தேன். பதினேழுதான். மறுபடி போட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். நூற்றுநாற்பது. இன்னொரு தடவை எண்ணினேன். நூற்றுமுப்பத்தொன்பது. மூன்றாம் தடவை எண்ணும்போது கணக்குத் தவறியது.

“என்னங்க?” என்றாள் மனைவி.

“வேகமா ஓடுது.”

“மெஷின் கெட்டுப்போச்சா?”

தலையைத் தூக்கி விசிறியைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் விசிறி சுற்றினால் இறக்கைகளை எண்ணலாம். இங்கே இறக்கையே தெரியவில்லை. மெஷின் கெடவில்லை. இத்தனை நாளும் எங்கள் வீட்டில்தான் அது முடங்கிக் கிடந்திருக்கிறது. அந்த ரிக்கார்டு ஓட வேண்டிய வேகமே இதுதான். எழுபத்தாறு பாட்டையும் நான் இருநூற்று இருபத்தெட்டு முறை எண்ணியது எங்கள் சந்தின் கரண்டைத்தான்.

மெஷினில் வேகம் மாற்றும் விசை ஒன்று இருந்தது. அதை அடுத்த படிக்குத் தள்ளிப் பார்த்தேன். எண்பத்தொன்று. சேற்றில் இறங்கிய எருமை கத்துவது போலிருந்தது. மெதுவான பாட்டு ஏதாவது போடலாமென்றால் அவை தின்கன்ஜூனில் இருக்கின்றன. அங்கே போய் எடுத்து வந்தாலும், என் மகள் பழகியது பதினேழாம் எண்ணை. அதன் ஒவ்வொரு தட்டுக்கும் அவள் கால் வைக்கும் இடம் எனக்கே மனப்பாடம். நாற்பத்தைந்து நிமிடத்தில் அவள் வந்துவிடுவாள். வந்து, நூற்றெண்பது பேர் முன்னால் தளத்தில் இறங்கி, இருநூற்றொன்பதாம் தட்டில் விழுவாள். இல்லையென்றால் நான் இப்போதே அவளிடம் சொல்ல வேண்டும். அவள் நாற்காலியில் உட்காருவாள், அத்தை எழுவார். இரண்டில் எது மோசம் என்று யோசித்துக்கொண்டே தளத்தைச் சுற்றி நடந்தேன். தளம் இருபத்தாறு எட்டு நீளம், பதினெட்டு அகலம்.

“சும்மா சுத்தாதீங்க. தலை சுத்துது எனக்கு,” என்றாள் மனைவி. “வேகமா ஓடுதுன்னா, ஓட்டறவனைப் போய்க் கேளுங்க.”

அவள் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். ஆனால் ஜெனரேட்டரை ஓட்டுகிறவர் உண்மையிலேயே ஒருவர் இருந்தார். நான் பின்கட்டுக்கு ஓடினேன். அறுபத்திரண்டு எட்டு.

ஜெனரேட்டர்க்காரர் நாற்பது வயதுக்காரர், பர்மியர். லுங்கியை மடித்துக் கட்டி, தலைகீழாகக் கவிழ்த்த டின்னில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். நான் பர்மிய மொழியில், மூச்சிரைக்க, கரண்டைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டேன். அவர் எச்சிலைத் துப்பிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஊலே என்றால் அங்கே மாமா. வயதானவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“ஊலே, பதினோரு வருஷமா இந்த வேலை பார்க்கறேன். ஏத்துங்கன்னுதான் கேப்பாங்க. குறைக்கச் சொன்னது நீங்க ஒருத்தர்தான்.”

“என் மகள் ஆடணும்.”

“ஆடட்டும். நான் தடுக்கலையே.”

காலைச் சொன்னேன், பாட்டைச் சொன்னேன், நூற்றுப்பன்னிரண்டைச் சொன்னேன். என் நோட்டைக் கூடத் திறந்து காட்டினேன். அவர் கோடுகளைப் பார்த்துக்கொண்டே நிறைய நேரம் மென்றார்.

“இன்ஜினை இறக்கினா எல்லாமே இறங்கும். விளக்கு, விசிறி, சமையற்கட்டு, எல்லாம். ஏதாவது எரிஞ்சுதுன்னா முதலாளி என் தோலை உரிச்சுடுவார்.”

“நான் பொறுப்பு.”

“அப்ப இங்கேயே நில்லுங்க. என் பக்கத்துல. கேட்டா உங்களைக் காட்டுவேன்.”

மண்டபத்து ஆட்கள் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து ஒத்திகை நடத்தினோம். மனைவி ஊசியை வைத்தாள். நான் நடுவழியில், பாட்டும் கேட்கிற, அவரும் தெரிகிற இடத்தில் நின்றேன். அவர் வேகக் கைப்பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். நூற்றுமுப்பது. நூற்றிருபத்திரண்டு. விளக்குகள் எங்கள் வீட்டு விளக்குகளாயின. டிரம்பெட் கீழே இறங்கி, பத்தொன்பது மாலைகள் கேட்ட குரலுக்கு வந்தது. நூற்றுப்பதின்மூன்று. கையைத் தூக்கினேன். கைப்பிடி நின்ற இடத்தில் அவர் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டார். பிறகு பழையபடி ஏற்றிவிட்டார்.

மகளிடம் எதுவும் சொல்லவில்லை. மூன்று மணிக்கு அவள் வெள்ளை கவுனில் வந்து இறங்கியபோது, “அப்பா, மெஷின் சரியா இருக்கா?” என்றுதான் முதலில் கேட்டாள். “நூற்றுப்பன்னிரண்டு,” என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள். கேக் வெட்டினார்கள். சமோசாவும் தேநீரும் கொடுத்தார்கள். யாரோ இரண்டு பேர் பேசினார்கள்; ஒருவர் ஒன்பது நிமிடம், அடுத்தவர் பதினான்கு. நான் ஐந்து முறை பின்கட்டுக்குப் போய் சாக்கட்டிக் கோடு அழியாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். ஐந்தாம் முறை ஜெனரேட்டர்க்காரர் என்னிடம் வெற்றிலையை நீட்டினார். “போடுங்க ஊலே. உங்களைப் பார்த்தா எனக்குப் படபடப்பா வருது.”

நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு மாப்பிள்ளை எழுந்து அவளிடம் கையை நீட்டினார். ஊசியை வைக்கச் சம்பந்தியம்மாவே மெஷின் பக்கம் போவதைப் பார்த்தேன். அவ்வளவுதான் பார்த்தேன். சொன்ன சொல்லுக்காகப் பின்கட்டுக்கு ஓடினேன்.

கைப்பிடி கோட்டுக்கு வந்தது. இன்ஜின் சத்தம் தாழ்ந்தது. அதற்கு மேலே, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, பதினேழாம் எண் மெல்லியதாகக் கேட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன். நூற்றுப்பன்னிரண்டு. சுவரைப் பார்த்துக்கொண்டு எண்ணினேன். இருநூற்றேழு, இருநூற்றெட்டு. வாத்தியங்கள் நின்றன. டிரம்பெட் மட்டும் கேட்டது. இருநூற்றொன்பது. ஏதாவது விழுந்தால் கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். இருநூற்றுப்பதினாறு. மறுபடி எல்லா வாத்தியமும் சேர்ந்துகொண்டன. என் வாயில் வெற்றிலை இருந்ததே அப்போதுதான் தெரிந்தது.

நானூற்றிருபத்தெட்டில் பாட்டு முடிந்தது. கைதட்டல். ஜெனரேட்டர்க்காரர் கைப்பிடியில் கையை வைத்தார். அப்போது சமையற்கட்டு வாசலில் என் மனைவி தெரிந்தாள். ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள்.

“இன்னொரு தடவை போடச் சொல்றா.”

“யார்?”

“உங்க பொண்ணுதான். இறங்க மாட்டேங்குறா.”

அவளுக்குப் பின்னால் சமையற்காரர் எட்டிப் பார்த்தார். ஐஸ்பெட்டி உறுமுகிறது, ஓடவில்லை, ரப்பர் கருகுகிற வாடை வருகிறது என்றார். ஐஸ்பெட்டி ஆளுயரத்துக்கு நீளமானது. ஆட்டம் முடிந்ததும் பரிமாற வேண்டிய எங்கள் ஐஸ்கிரீம் நூற்றெண்பது கோப்பை அதில் இருந்தது. அதற்குக் கீழே, மறுநாள் அதே மண்டபத்தில் நடக்கவிருந்த வேறொரு கல்யாணத்துக்கான இருநூற்று நாற்பது கோப்பை இருந்ததும் எனக்குத் தெரியும். பரிமாறும் கணக்குக்காக மதியமே எண்ணியிருந்தேன்.

“ஏத்திடறேன் ஊலே. மோட்டார் போயிடும்.”

“ஏத்தாதீங்க.”

“எரிஞ்சுடும்.”

“எரியட்டும். நான் கொடுக்கறேன்.”

என் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருமென்று நானே நினைத்ததில்லை. ஒரு தீக்குச்சி வீணானால் அன்று முழுக்கப் புலம்புகிறவன் நான். பாட்டு மறுபடி தொடங்கியது. கருகல் வாடை பின்கட்டுவரை வந்தது. ஜெனரேட்டர்க்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டார், கைப்பிடியைத் தொடவில்லை. நான் இரண்டாம் தடவையும் நானூற்றிருபத்தெட்டுவரை எண்ணினேன்.

எல்லாம் பழையபடி ஏறி, விளக்குகள் பளிச்சிட்ட பிறகு ஐஸ்பெட்டி மட்டும் ஓடவில்லை. சம்பந்தியம்மா பின்கட்டு வழியாக வந்தார். என் கையிலிருந்த கடிகாரத்தையும் இன்ஜினையும் சாக்கட்டிக் கோட்டையும் பார்த்தார்.

“அவர் பேண்டுல இதை இவ்வளவு கீழே வாசிச்சதே இல்ல,” என்றார்.

நான் கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டேன்.

“இந்த வேகத்துல வாசிச்சிருந்தா கடைசி வருஷம் அவ்வளவு மூச்சு வாங்கியிருக்காது,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இந்த விஷயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது.

உள்ளே தளம் நிறைந்திருந்தது. மற்ற ரிக்கார்டுகள் தங்கள் நிஜ வேகத்தில் ஓடின. அத்தையும் முட்டி வலியை மறந்து ஆடினார். ஆட்டமெல்லாம் முடிந்ததும் ஐஸ்கிரீமை உருகிய நிலையிலேயே பரிமாறினோம். அத்தை கோப்பையைச் சாய்த்துப் பார்த்தார்.

“இது என்ன, ஐஸ்கிரீமா பாயசமா?”

“எதுன்னு நினைச்சுக் குடிச்சாலும் சரி ஆன்ட்டி,” என்றாள் என் மகள். “நான் ஆடினது கண்ணுக்குத் தெரிஞ்சுதா? விளக்கு கொஞ்சம் மங்கலாயிடுச்சு.”

“தெரிஞ்சுது, தெரிஞ்சுது. ரெண்டு தடவையும் தெரிஞ்சுது,” என்றார் அத்தை. பிறகு அந்தக் கோப்பையை முழுக்கக் குடித்தார்.

மகள் என்னிடம் வந்தாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது. “எங்கே போனீங்க? நான் உங்களைத்தான் தேடினேன், ரெண்டு பாட்டும்.”

“ஐஸ்கிரீம் எண்ணப் போனேன்,” என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கோபமா வருத்தமா என்று தெரியவில்லை. அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து அவளுடைய அம்மா நடந்ததைச் சொல்லிவிட்டாள். ஆனால் அந்தப் பார்வை அதற்கு முன்பே என்னைத் தைத்துவிட்டது.

மனைவியிடம் பஸ்ஸில் கேட்டேன். “கால் தப்பலையா?”

“தப்பல.”

“இடது திருப்பம்?”

“திரும்பினா.”

“எத்தனை சுத்து சுத்தினா?”

“எண்ணிக்கிட்டா பார்ப்பாங்க? கண் நிறைஞ்சுடுச்சு, சரியாத் தெரியல.”

அப்படியாக, என் மகள் ஆடியதற்கு என்னிடம் எண்ணிக்கை எதுவும் இல்லை. புகைப்படக்காரர் எடுத்த மூன்று படங்களில் இரண்டு வெளிச்சம் போதாமல் கறுப்பாகிவிட்டன. மூன்றாவதில் அவள் முதுகும் மாப்பிள்ளையின் வாயும் தெரிகின்றன. மாப்பிள்ளை எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறார். என்னவென்று இரண்டு பேரையும் கேட்டுவிட்டேன். இருவருக்கும் நினைவில்லை.

திங்கட்கிழமை மண்டபத்துக்காரர் ஆளனுப்பினார். கோபமாகத்தான் இருந்தார், ஆனாலும் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பட்டியலைக் கொடுத்தார். ஐஸ்பெட்டி மோட்டாருக்குக் கம்பி சுற்றி வாயு நிரப்ப 9,500. மறுநாள் கல்யாணத்து ஐஸ்கிரீம் 240 கோப்பை, கோப்பை 35 வீதம் 8,400. அவர் கூட்டி 17,700 என்று போட்டிருந்தார். மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். இருநூறு குறைகிறது என்று சொல்லித் திருத்திக் கொடுத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் போய் வேறேதோ வந்திருந்தது. திரும்பும் வழியில் ஜெனரேட்டர்க்காரர் கையில் 500 வைத்தேன். வாங்க மறுத்தார், அழுத்தியதும் வாங்கிக்கொண்டார். ஆக மொத்தம், பதினெட்டாயிரத்து நானூறு கியாட்.